முன்கூட்டி வாசித்த ஸ்தோத்திரம்

தோற்றுப்போகக்கூடிய காரியத்துக்கும் அரசாங்கம் பணம் கொடுக்கும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது என் மகள் எப்சிபாதான், ஆண்டவரே, போன கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, நான் அடுப்படியில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது. உமக்குத் தெரியாததா, நீரும் அங்கேதான் இருந்தீர். ஆனாலும் சொல்கிறேன். எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தால்தான் இந்தச் சாத்தின கதவுக்கு வெளியே என்னால் சும்மா உட்கார முடிகிறது. உள்ளே அவள் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறாள். அந்தப் பக்கம் டெல்லியில் இருந்தும் வேறே எங்கெங்கே இருந்தும் பெரிய டாக்டர்கள், பேராசிரியர்கள், அரசாங்கம் கூட்டிய குழு. இவள் செய்ய நினைக்கிற ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று இன்றைக்குத்தான் கேள்வி கேட்கிறார்கள். சென்னையில் அவளுடைய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தே பேசியிருப்பாள். அவள் அப்பா, இவுகளுக்குக் கண் ஆபரேஷன் என்று பாளையங்கோட்டைக்கு வந்த இடத்தில் தேதி விழுந்துவிட்டது. காலையிலேயே சட்டம் போட்டுவிட்டாள். ‘எம்மா, குக்கர் விசில் கூடாது, மிக்ஸி கூடாது, மோட்டார் போடாதீங்க, யாரும் பெல் அடிக்கக் கூடாது.’ கறுப்புக் கண்ணாடியோடு பின்னறையில் படுத்திருந்த இவுக, ‘அப்பம் நான் இருமலாமாட்டி?’ என்று கேட்டார்கள். ‘ஒரே ஒரு தடவை இருமிக்கோங்கப்பா, அதுவும் அவங்க பேசும்போது.’ சோற்றை விடியலிலேயே வடித்துவிட்டேன். பெல்லின் சுவிட்சை அணைத்துவிட்டேன். மீன்காரர் தெருமுனையில் ஹாரன் அடித்தபோது ஓடிப்போய் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் நான் அவசரமாகக் கூப்பிடுவதாக நினைத்து இன்னும் பலமாக அடித்துக்கொண்டே வந்தார். அவரை அனுப்பி வைத்த மூச்சு இன்னும் இறங்கவில்லை. கதவுக்குள்ளே அவள் குரல் கேட்கிறது. இங்கிலீஷ். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இங்கிலீஷின் ஏற்ற இறக்கம் மட்டும்தான் புரியும். மழை ஓட்டில் விழுகிற மாதிரி ஒரே சீராகப் பேசுகிறாள். நன்றாகத்தான் பேசுகிறாள். நன்றாகத்தானே பேசுகிறாள்?

அன்றைக்கு அச்சு முறுக்கு ஒட்டிக்கொண்டது. முதல் இரண்டு மூன்று எப்போதும் அப்படித்தான், அச்சு எண்ணெய் குடித்துப் பழகுகிறவரை விடாது. நான் ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். இவள் பலகையில் உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டர், தட்டிக்கொண்டே, ‘எம்மா, இதுல ஒரு கேள்வி இருக்கு, இது நடக்கலைனா என்ன செய்வீங்கன்னு கேக்காங்க’ என்றாள். ‘நடக்காதுன்னு எழுதுனா எவனாவது பணம் தருவானாட்டி?’ என்றேன். ‘நடக்காமலும் போகலாம்னு எழுதலைனாத்தாம்மா தர மாட்டாங்க.’ குச்சி கையிலேயே நின்றுவிட்டது, எண்ணெய் புகைந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அரசாங்கம் வேறே. சாதிச் சான்றிதழுக்கு நடக்க வைத்த அரசாங்கம், நாளைக்கு வாங்க என்று முகத்தைப் பார்க்காமல் சொல்கிற அரசாங்கம். அதே அரசாங்கத்துக்குள்ளே ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து, தோற்றுப்போகலாம், பரவாயில்லை, ஆனால் எப்படித் தோற்பாய் என்று யோசித்து வைத்திருக்கிறாயா என்று கேட்க வேண்டும் என்று ஒருத்தருக்குத் தோன்றியிருக்கிறதே. அவருக்கும் அம்மா இருந்திருப்பாள். பிள்ளை கீழே விழும் என்று தெரிந்தே நடக்க விட்ட அம்மா. இவுக முப்பது வருஷம் கவர்மெண்ட் பஸ் ஓட்டினவர்கள், ஒப்புக்கொள்ளவே இல்லை. ‘ஊரு இருக்கா இல்லையான்னு தெரியாத ரூட்டுக்கு எவன் டீசல் போடுவான்?’ எப்சி சிரித்தாள். ‘போடுவாங்கப்பா. ஆனா ஊரு இல்லைனா எப்படித் திரும்புவ, போற வழியில என்னத்தைப் பாத்தன்னு வந்து சொல்லணும்.’ இவுக ஒரு முறுக்கை எடுத்து முழுவதும் தின்று முடித்தார்கள். பிறகு, ‘அப்பம் நல்ல டிப்போதாம்’ என்றார்கள். இவுக வாயில் இருந்து அரசாங்கத்துக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் செய்கிற சாமான் என் கட்டைவிரல் அகலம்கூட இராது. பார்த்தால் கண்ணாடி, அமுக்கினால் ரப்பர். அதற்குள் தலைமுடி கனத்தில் இரண்டு வாய்க்கால், ஒன்றில் காற்று, ஒன்றில் சத்து நீர், நடுவில் வெங்காயத் தோலைவிட மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வின் மேல் மனுஷ நுரையீரலின் உயிரணுக்களை விதைக்கிறாள். விதைப்பது என்றுதான் அவளும் சொன்னாள். ஒரு குட்டி பம்பு அதை இழுத்து இழுத்து விடும், மூச்சு வாங்குகிற மாதிரி. போன வருஷம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். செருப்பைக் கழற்றச் சொல்லி, தலைக்கு நீலத் தொப்பி போட்டு, பூதக்கண்ணாடியில் கண்ணை வைக்கச் சொன்னாள். எனக்கு முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. ‘எம்மா, கண்ண சிமிட்டாதீங்க.’ பிறகு தெரிந்தது, ஆண்டவரே. கூழாங்கல் பாவின முற்றம் மாதிரி, ஒன்றோடொன்று நெருங்கி, அந்த முற்றமே விரிந்து சுருங்கிற்று. நான் என்னை அறியாமல் முக்காடு போட்டுவிட்டேன், தொப்பிக்கு மேலேயே. அங்கே இருந்த பிள்ளைகள் சிரிக்கவில்லை. இது யாருடையது என்று கேட்டேன். யாரோ ஆபரேஷனில் சம்மதித்துக் கொடுத்தது, பெயர் எங்களுக்கும் தெரியாது என்றாள். அந்த ஆள் இப்போது இருக்கிறாரோ, உம்மிடம் வந்துவிட்டாரோ. அவர் எங்கே இருந்தாலும் அவருடைய ஒரு துண்டு சென்னையில் மூச்சு விடுகிறது. ‘இதுக்கு ஆத்துமா உண்டாட்டி?’ என்று கேட்டே விட்டேன். ‘இல்லம்மா, வெட்டுன நகத்துக்கு உண்டுமா?’ என்றாள். சரி என்றேன். முழுச் சரி என்று மனசு இன்னும் சொல்லவில்லை, அதை உம்மிடமே விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகூட அதற்குத் தீனி வைக்க வேண்டுமாம். ‘கோயிலுக்குப் போகாம என்னட்டி தீனி?’ என்று கடிந்துகொண்டால், ‘மாடு ஞாயித்துக்கிழமை பட்டினி கிடக்குமா?’ என்கிறாள். என் அப்பா வீட்டில் மாடு இருந்தது. நான்தான் ஞாயிற்றுக்கிழமையும் புல் அறுத்தேன்.

எதற்கு இது என்று ஊரில் கேட்கிறார்கள். நான் தியோவைச் சொல்வதில்லை. என் மகன் ஆசீருடைய முதல் குழந்தை, ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டவன். மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு நடுவே தோல் பள்ளம் விழும், விட்டால் மேலே வரும், அந்தப் பள்ளத்தைத்தான் நான் இன்னும் கனவில் பார்க்கிறேன், முகத்தை அல்ல. கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு எங்கள் சபைப் போதகர் ஐயர், நனைத்த பஞ்சால் ஞானஸ்நானம் கொடுத்தார். தியோபிலஸ் என்று பெயர் சொல்லும்போது அவர் குரலே உடைந்தது. ஒரு சின்ன வயசு டாக்டர் பொண்ணு வந்து சொன்னாள், தூங்காத கண்ணு. ‘இந்த மருந்து பெரியவங்களுக்கு எவ்வளவுன்னு தெரியும்மா. இவ்வளவு முன்னாடியே பிறந்த நுரையீரலுக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியல. யாருக்குமே சரியாத் தெரியாது. குறைச்சு ஆரம்பிக்கிறேன்.’ எனக்கு வந்த கோபத்தை நீர் அறிவீர். தெரியாதவள் எதற்குக் கோட்டு போட்டிருக்கிறாய் என்று வாய்வரை வந்தது. அவள் அன்றைக்கு முழுவதும் அவன் பக்கத்தில் இருந்தாள், சாப்பிடப் போகவில்லை. தியோ தங்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு எப்சி, அப்போது படித்துக்கொண்டிருந்தவள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னாள், ‘எம்மா, உங்களுக்கு அவங்க மேல கோபம். அவங்க ஒருத்தங்கதாம் பொய் சொல்லல.’ அதில் இருந்து வந்ததுதான் இத்தனையும். அந்த ரப்பர்த் துண்டில் அவள் வளர்க்க நினைப்பது தியோ வயசு நுரையீரல், பிறக்க வேண்டிய காலத்துக்கு முன்னாலேயே மூச்சு வாங்க வந்துவிட்ட ஒன்று. மருந்தை முதலில் அதற்குக் கொடுத்துப் பார்க்கலாம், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், தாங்குகிறதா என்று. ஒரு பிள்ளையையும் தொடாமல். செய்து காட்டிவிட்டால் எந்த ஊர் ஆராய்ச்சிக்காரரும் எடுத்துப் பயன்படுத்தலாமாம், மூடி வைக்கக் கூடாது என்று அரசாங்கமே சொல்கிறதாம். கிடைக்காவிட்டால் மார்ச்சோடு அவளுக்கு வருகிற உதவித்தொகை நின்றுபோகும். ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது, நல்ல வேலை, இவுகளுக்கு அதில் ஆசைகூட உண்டு. ‘போனா இது இத்தோட நின்னுரும்மா’ என்றாள் எப்சி, உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாக. ‘தீனி வைக்க ஆளில்லாட்டா அதுக ஒரு வாரம் தாங்காது.’

நான் பெயர் சொல்லி ஜெபிக்கிறவள். நோயாளி என்றால் பெயர், பரீட்சை என்றால் பெயர். இந்தக் காரியத்தில் யார் பெயரைச் சொல்ல? இவள் எழுதி அனுப்பினதை இரண்டு பேர் முதலில் படித்தார்களாம், பெயர் ரகசியம், அவர்களுக்கே ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஒருத்தர் பாராட்டி எழுதினார். இன்னொருத்தர் விளாசிவிட்டார், இது இப்படி ஒழுகும், அது அப்படிச் சாகும் என்று வரிக்கு வரி. இவள் இரண்டு நாள் முகம் தொங்கிக் கிடந்தாள், மூன்றாம் நாள் எழுந்து, ‘எம்மா, அந்த ஆளு சொல்லுதது சரி’ என்று உட்கார்ந்து மாற்றினாள். முன்பின் தெரியாத பெண்ணின் எழுத்தை ஒருத்தர் இத்தனை அக்கறையாகப் படித்துத் திட்டியிருக்கிறாரே. தன் வேலையை எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படித்திருப்பார். பெயர் தெரியாத அந்தக் கடுகடுப்புக்காரரைத்தான் நான் அதிகம் ஆசீர்வதிக்கச் சொல்கிறேன். கண்ணாடி போட்டவராக நினைத்துக்கொள்கிறேன். ஒருவேளை அவரே இப்போது உள்ளே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாரோ. தடித்த குரல் ஒன்று கேட்கிறதே, அவராக இருக்குமோ. இப்படித்தான் மனசு எதையோ பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கடைசியில் அந்தக் கவரில் வந்து முட்டுகிறது. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர். எங்கள் கோயிலில் காரியம் முடிந்தபிறகுதான் அதைப் போடுவார்கள். வேலை கிடைத்தது, பிரசவம் ஆனது, வீடு குடிபோனது. கவரில் எழுதினதை ஐயர் ஆராதனையில் வாசிப்பார். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் கன்வென்ஷனில் ஒரு பிரசங்கியார், பெற்றுக்கொள்ளும் முன்னாலேயே நன்றி சொல்லிப் பழகு என்றார், அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. போன ஞாயிற்றுக்கிழமை, எப்சி அப்பாவுக்குச் சொட்டு மருந்து விட வீட்டில் இருந்துவிட்டாள், நான் தனியாகப் போனேன், கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு ஒரு கவர் போடும்போது, மகளின் ஆராய்ச்சி உதவிக்கும் ஸ்தோத்திரம் என்று சேர்த்து எழுதிப் போட்டேன். ஐயர் வாசித்தார். டிரைவர் அண்ணாச்சிக்குக் கண் தெளிந்ததற்காகவும், மகள் எப்சிபாவுக்கு அரசாங்கத்தின் பெரிய ஆராய்ச்சி உதவி கிடைத்ததற்காகவும். கிடைத்ததற்காகவும். பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. ஆராதனை முடிந்து வாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்காதவர்கள் இல்லை. நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய. வீட்டில் வந்து சொன்னபோது இவுக கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்து, ‘வண்டி இன்னும் ஷெட்டை விட்டே கிளம்பல, நீ ஊரு வந்துட்டுன்னு ஆளை எறக்கி விட்டுட்டியே’ என்றார்கள். எப்சி கோபப்படவில்லை. அதுதான் என்னைக் குடைகிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து, ‘எம்மா, நான் அங்க நடக்காமலும் போகலாம்னு எழுதி வச்சிருக்கேன். நீங்க இங்க நடந்து முடிஞ்சிட்டுன்னு வாசிக்க வச்சிருக்கீங்க’ என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் விசுவாசம் பெரியதா, அவளுடையது பெரியதா? கிடைத்துவிட்டது என்று சொல்ல தைரியம் எதற்கு? கிடைக்காமலும் போகலாம் என்று தெரிந்தே ஞாயிற்றுக்கிழமை எழுந்து தீனி வைக்கப் போகிறாளே, அதற்கு அல்லவா வேண்டும்.

சத்தம் நின்றுவிட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கரண்ட் போய்விட்டதா? அடுப்படிப் பக்கம் காது கொடுக்கிறேன், ஃபிரிட்ஜ் உறுமுகிறது, கரண்ட் இருக்கிறது. அப்படியானால் இவள்தான் பேசவில்லை. தடித்த குரல் ஏதோ கேட்டது, முடிந்தது, இவள் பேசவில்லை. தகப்பனே. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். பேசுட்டி. வாயைத் திறந்து ஏதாவது சொல்லு. பள்ளிக்கூடத்தில் திருவசனப் போட்டியில் ஒரு வார்த்தை மறந்து மேடையில் நின்றாளே, நான் கீழே இருந்து உதட்டை அசைத்துக் காட்டினேன், பிடித்துக்கொண்டாள். இப்போது எதை அசைக்க. அப்புறம் அவள் குரல் வருகிறது. மெதுவாக, ஒவ்வொன்றாக, எனக்கே புரிகிற இங்கிலீஷ். ஐ டோன்ட் நோ, சார். டெல்லிக்காரர்களிடமா தெரியாது என்பாய்? பரீட்சையில் தெரியாது என்று எழுதுகிறவர்கள் உண்டா, வேறே எதையாவது எழுதி நிரப்ப மாட்டார்களா? அந்த டாக்டர் பொண்ணு வருகிறாள் மனசில், தூங்காத கண்ணோடு. எனக்குத் தெரியல, குறைச்சு ஆரம்பிக்கிறேன். அதே குரல் மாதிரி இருக்கிறது, ஆண்டவரே, என் பிள்ளையின் குரல் அந்தப் பொண்ணின் குரல் மாதிரியே இருக்கிறது. தெரியாது என்றபிறகு அவள் நிறுத்தவில்லை, தொடர்ந்து பேசுகிறாள், அந்தச் சொல்லைச் சொல்லாமல் தாண்டிப்போக முடியாதவள் மாதிரி, அதன் மேல் காலை ஊன்றி அந்தப் பக்கம் ஏறிவிட்டவள் மாதிரி. தடித்த குரல் இப்போது குறுக்கே பேசவில்லை. நடுவில் ஒரு வார்த்தை எனக்குப் பிடிபடுகிறது. பேபி. மறுபடியும் பேபி.

கேட் கிரீச்சென்கிறது. பெல்லை அணைத்தேனே, கேட்டை எப்படி அணைப்பது. ரோஸ்லின் அக்கா, பெண்கள் சங்கத்தின் செயலாளர், ஜெபித்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும் தொண்டை. கையில் கேக் டப்பா, கக்கத்தில் பொன்னாடை. ‘கிருபா, பிள்ளைய எங்க?’ நான் வெறுங்காலோடு ஓடி, கேட்டருகே அவள் கையைப் பிடித்து, உதட்டில் விரலை வைக்கிறேன். ‘என்னட்டி, யாருக்காவது மேலுக்கு முடியலையா?’ ‘மெதுவாக்கா. உள்ள பேசிக்கிட்டு இருக்கா.’ ‘பேசட்டும், நான் ஒரு போட்டோ வாங்கத்தாம் வந்தேன். வார ஞாயித்துக்கிழமை கோயில்ல பொன்னாடை, இது அதுக்குத்தாம், ஃபிளெக்ஸும் அடிக்கக் குடுத்தாச்சு. நம்ம சபைப் பிள்ளைக்கு டெல்லிப் பணம் கிடைச்சிருக்குன்னு போட்டுருக்கு.’ சிரித்துவிடலாம், வாசலில் சிரித்தேனே அன்றைக்கு, அதே மாதிரி. சிரிப்பு வரவில்லை. ‘கிடைக்கலக்கா’ என்கிறேன். ‘என்னது?’ ‘இன்னும் கிடைக்கல. இப்பம்தாம் கேள்வி கேக்காங்க. கிடைக்காமலும் போகலாம்.’ அந்த வார்த்தை என் வாயில் இருந்து வந்து கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே நிற்கிறது. இடி ஒன்றும் விழவில்லை. ‘அவிசுவாசமாப் பேசாத’ என்கிறாள் அக்கா. ‘அப்பம் ஐயர் வாசிச்சது?’ ‘அது நான் முன்கூட்டிச் சொன்ன நன்றிக்கா. கிடைச்சுட்டுன்னு அர்த்தம் இல்ல. ஞாயித்துக்கிழமை நானே ஐயர்ட்ட சொல்லுதேன், சபைக்கும் சொல்லட்டும்.’ அக்கா கேக் டப்பாவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். ‘கிடைக்கலைனா என்னட்டி செய்ய? ஃபிளெக்ஸ அடிக்கக் குடுத்தாச்சே.’ அதே கேள்வி, ஆண்டவரே. டெல்லி கேட்ட கேள்வியை ரோஸ்லின் அக்கா என் கேட்டில் வந்து கேட்கிறாள். ‘பிள்ளை யோசிச்சு எழுதி வச்சிருக்காக்கா. நான்தாம் இன்னும் யோசிக்கல.’ அவள் பொன்னாடையைக் கக்கத்தில் இறுக்கிக்கொள்கிறாள். பிறகு, ‘விஷயத்தை மாத்தி, தேதி போடாம அடிக்கச் சொல்லுதேன். ஆராய்ச்சி செய்யும் எங்கள் பிள்ளைன்னு போட்டா எப்பவும் செல்லும்லா’ என்று படியில் உட்கார்ந்துவிடுகிறாள். கேக்கை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, சத்தமே இல்லாமல் ஜெபிக்கிறாள். ரோஸ்லின் அக்காவுக்கு அப்படியும் ஜெபிக்கத் தெரியும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

மறுபடியும் நாற்காலிக்கு வந்துவிட்டேன். உள்ளே பல குரல்கள் ஒன்றாகக் கேட்டு அடங்குகின்றன. தேங்க் யூ என்கிறாள், இரண்டு தடவை. இவுக அடக்கி வைத்திருந்த இருமலைப் பின்னறையில் ஒரேயடியாக அவிழ்த்துவிடுகிறார்கள். நாற்காலி நகருகிறது. முடிவு வர மாசக்கணக்காகும் என்று அவள் முன்னமே சொல்லிவிட்டாள், முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, அவர்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் பேசுவார்களாம். பணத்தைப் பற்றி உம்மிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று, அதைத் திரும்பவும் சொல்லப்போவதில்லை. நீரும் அந்தக் கடுகடுப்புக் கண்ணாடிக்காரரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் இதோ கதவைத் திறக்கப்போகிறாள். சத்தம் கேட்கும் என்று ஃபேனைக்கூடப் போடாமல் உள்ளே இருந்திருக்கிறாள், வேர்த்து வருவாள். கிடைச்சிருமாட்டி என்று கேட்க என் நாக்கு இப்போதே துடிக்கிறது. அந்தக் கேள்வியை மட்டும் என் வாயில் இருந்து எடுத்துவிடும், ஆண்டவரே. மோர் தரட்டுமா என்று கேட்க வையும்.